பதினொரு பவுணுக்கு வாடகை

தங்கம் விலை ஏறினால் சிலருக்குச் சந்தோஷம் வரும், சிலருக்குப் பெருமூச்சு வரும். எனக்குப் பயம் வரும். வாங்கியவன் எல்லாம் கெட்டிக்காரன், வாங்காத நீ மட்டும் மடையன் என்று ஒரு குரல் காதுக்குள் கதைக்கத் தொடங்கிவிடும். அண்மையில் அந்தக் குரல் எங்கள் மாடிக் கட்டடத்தின் உடுப்புத் தோய்க்கும் அறையில், சென்னைத் தமிழில் கதைத்தது.

"அண்ணே, கோல்டு எங்க போயிட்டிருக்குன்னு பாத்தீங்களா? நான் போன வருஷமே கொஞ்சம் வாங்கிட்டேன். நீங்க?"

கேட்டவர் எங்களுக்கு இரண்டு மாடி மேலே இருக்கும் தம்பி. கணினி வேலை. எங்கள் பகுதியான ரொம்மனுக்கு அவர் வந்த புதிதில் நான் கதைத்தது அவருக்குப் பாதி விளங்காது, அவர் சொன்னது எனக்கு முழுக்க விளங்கும்; அந்த அநியாயத்திலேயே எங்கள் நட்பு வளர்ந்தது. அன்றைக்கும் முழுக்க விளங்கியது. நான் தோய்த்த காலுறைகளைப் பிழிந்தபடி, "நானும் யோசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்" என்றேன். யோசிக்கத் தொடங்கியது அந்த வசனத்தின் நடுவில்தான்.

என் பயத்துக்கு ஒரு நியாயமும் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் என்னை முழு விசரன் என்று நினைப்பீர்கள். முக்கால் விசரன் என்று நினைத்தால் போதும்.

என் மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். நொர்வேக்கு வந்த காலத்திலிருந்து அதே வேலை. எத்தனையோ பேரின் அம்மாக்களையும் அப்பாக்களையும் தூக்கி இருத்தி, இருத்தித் தூக்கி, இப்போது அவளுடைய முழங்கால் இரண்டும் தனித்தனியாக முறைப்பாடு செய்கின்றன. வேலை முடிந்து வந்து, உறைந்த பட்டாணிப் பையைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டுதான் தேத்தண்ணி குடிப்பாள். ஒருநாள் அப்படி இருந்தபடி சொன்னாள்: "அறுபத்திரண்டிலை நான் நிப்பாட்டப் போறன். அதுக்கு மேலை ஏலாது."

சட்டம் அறுபத்திரண்டில் நிற்க விடும். கணக்கு விட வேண்டுமே. அகதியாக வந்து இருபத்துச் சொச்சம் வயதில் சம்பளம் எடுக்கத் தொடங்கியவர்களுக்கு, இந்த நாட்டில் உழைத்த காலத்துக்குத்தான் ஓய்வூதியம். மிச்சத்தை எங்கள் சொந்தச் சேமிப்புத்தான் தாங்க வேண்டும். இரண்டு பேரும் வங்கிக்குப் போனோம். அங்கே ஆலோசகராக இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு மிகவும் கனிவாக, "அறுபத்துமூன்று என்றால் நிம்மதியாக இருக்கும்" என்றாள்.

ஒரு வருடம்தானே என்பான் முழங்கால் நல்லாக உள்ளவன். நானும் சொன்னேன். மனைவி பட்டாணிப் பையை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாற்றினாள். அந்த ஒரு வருடத்தை எப்படியாவது வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் பிறகு, எதைக் கொண்டு வாங்குவது என்பதும் தெளிவாகிவிட்டது.

வங்கிப் பெண்ணிடம் போனில் கேட்டேன், ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கில் தங்கக் கட்டி வைக்கலாமா என்று. கட்டியா என்று அவள் ஒருதரம் கேட்டு உறுதிப்படுத்தினாள். பிறகு, அந்தக் கணக்கில் கட்டி வைக்க முடியாது, பங்குகளைச் சேர்த்து வைக்கும் ஃபொண்ட் மாதிரியானவற்றைத்தான் வைக்கலாம் என்றாள். எனக்கு அவளில் கோபம் வந்தது. காகிதத்தை நம்பும் இனம் என்று மனத்துக்குள் திட்டினேன். எங்களுடைய ஆட்கள் வீட்டைவிட்டு ஓடும்போது காகிதத்தையா கொண்டு ஓடினவை?

நான் தங்கத்தைப் பற்றி நினைத்தது என் போனுக்கு எப்படித் தெரிந்ததோ, அன்று பின்னேரமே விளம்பரம் வந்தது. 'ஓய்வுகாலத் தங்கக் கணக்கு.' உண்மையான தங்கம், ஒவ்வொரு கட்டியிலும் இலக்கம், சூரிச் நகரத்தில் பெட்டகம். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று. போன் எடுத்தேன். நல்ல நொர்வேஜிய மொழியில் ஒரு இளம் குரல் கதைத்தது. அவர் எந்த நாட்டில் இருந்து கதைத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அவருக்கு 'சூரிச் தம்பி' என்று பெயர் வைத்தேன்.

"எவ்வளவு தங்கத்தோடு தொடங்க விரும்புகிறீர்கள்?" என்று சூரிச் தம்பி கேட்டார்.

"எண்பத்தெட்டு கிராம்."

"மன்னிக்கவும், நூறு என்றீர்களா?"

"எண்பத்தெட்டு."

எங்களுடைய ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எட்டுக் கிராம் ஒரு பவுண். யாழ்ப்பாணத்துக் கலியாணத்தில் தாலிக்கொடி ஒன்பது பவுண், பதினொன்று, பதின்மூன்று என்று ஒற்றைப்படையில்தான் வரும். ஒற்றையைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாதாம். ஆகையால் குடும்பமும் பிரியாதாம். பவுண் பன்னிரண்டு என்று சொல்லிப் பாருங்கள், மாப்பிள்ளை வீட்டில் ஒரு பெரியம்மா கதிரையை விட்டு எழும்புவார். இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை நான். ஆனாலும் மனைவியின் ஓய்வுகாலத்தை இரட்டைப்படையில் தொடங்க எனக்கு நாக்கு வரவில்லை. பதினொரு பவுண் என்றால் எண்பத்தெட்டுக் கிராம். முடிந்தது கதை.

சூரிச் தம்பி பொறுமைசாலி. எண்பத்தெட்டில் கட்டி வார்ப்பதில்லை, நூறு கிராம் கட்டி ஒன்றுதான் இலாபம் என்று முதலில் சொன்னார். நான் மறுத்தேன். ஐம்பதும் ஐம்பதும் என்றார். அதுவும் நூறுதானே. கடைசியில் ஐம்பது ஒன்று, இருபது ஒன்று, பத்து ஒன்று, ஐந்து ஒன்று, மிச்சத்துக்கு ஒரு கிராம் துண்டு மூன்று என்று கூட்டிக் கட்டி எண்பத்தெட்டைக் கொண்டுவந்தார். மொத்தம் ஏழு துண்டு. ஏழும் ஒற்றை என்று நான் பூரித்தேன். தம்பியும் பூரித்தார். அவர் பூரித்ததன் காரணம் வேறு என்பது பிறகுதான் தெரிந்தது.

"உங்களுடைய மிச்சச் சேமிப்பையும் அடுத்த மாதம் முதலாம் திகதி இந்தக் கணக்குக்கு மாற்றினால், கணக்குத் திறக்கும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி" என்றார்.

தள்ளுபடி என்ற சொல்லைக் கேட்டால் எனக்குள் ஒரு மணி அடிக்கும். ஓம் என்றேன்.

வீட்டில் பெருமையோடு சொன்னேன். பதினொரு பவுண் என்றதும் மனைவி தலையாட்டினாள். பிறகு கேட்டாள்.

"எங்கை?"

"சூரிச்சிலை. பெட்டகத்திலை."

"ஆர் பாத்தது?"

"போனிலை படம் இருக்கு."

படத்தைப் பார்த்தாள். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "உது எல்லாருக்கும் காட்டுற படம் போலக் கிடக்கு" என்றுவிட்டு உள்ளே போனாள். மிச்சச் சேமிப்பு மாறப்போகும் விஷயத்தை நான் சொல்லவில்லை. அதைப் பிறந்தநாள் பரிசு மாதிரிச் சொல்லலாம் என்றிருந்தேன்.

அடுத்த நாளிலிருந்து தொடங்கியது என் கூத்து. நான் ஓட்டுவது ரி-பானே என்ற நிலக்கீழ் ரயில். நகரத்தின் அடியால் வந்து, வெளிச்சத்துக்கு ஏறி, ரொம்மன், ஸ்டோவ்னர் தாண்டிப் போகும் தடம். கடைசி நிலையத்தில் ஓட்டுநர் இறங்கி, வண்டியின் ஒரு தலையிலிருந்து மற்றத் தலைக்கு நடந்து போய்த் திரும்ப ஓட்ட வேண்டும். அந்த நடையில்தான் போனைத் திறந்து பார்த்தேன். உலகத்தில் தங்கம் விலை ஏறியிருந்தது. என்னுடைய தங்கம் நான் கொடுத்ததைவிடக் குறைவாக நின்றது.

அடுத்த சுற்றில் மறுபடியும் பார்த்தேன். உலகத் தங்கம் இன்னும் ஏறியிருந்தது. என்னுடையது கொஞ்சம் ஏறியிருந்தாலும், கொடுத்த காசுக்குக் கிட்டவும் வரவில்லை. நான் என்ன முடிவுக்கு வந்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? சூரிச்சில் ஒரு மனிதர், வெள்ளைக் கையுறை போட்டு, மேசை விளக்கின் கீழ் இருந்து என் கட்டிகளை அரத்தால் அராவிக்கொண்டிருக்கிறார் என்ற முடிவுக்கு வந்தேன். அவருக்கு மீசைகூட வைத்துவிட்டேன். ஸ்டோவ்னரில் கதவு மூடும்போதெல்லாம் அவர் ஒரு தரம் அராவினார். வேலைத்தளத்தில் கூட இருந்தவர், வீட்டில் யாருக்காவது சுகமில்லையா என்று கேட்டார். "சூரிச்சிலை" என்றேன். அவர் தோளைத் தட்டிவிட்டு ஒரு கோப்பி எடுத்துத் தந்தார்.

பயம் தாங்காமல் மேல்மாடித் தம்பியிடம் போனேன். கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்து, "உள்ள வாங்கண்ணே, தண்ணி குடிங்க" என்றார்.

"தம்பி, என்ர தங்கத்தைச் சுரண்டுறாங்கள்."

"யாருண்ணே?"

"மீசைக்காரன் ஒருத்தன்."

அவருக்கு இந்தத் தடவை உண்மையிலேயே விளங்கவில்லை. போனைக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். "யாரும் சுரண்டலண்ணே. வாங்குற விலை வேற, விக்கிற விலை வேற. நீங்க வாங்குன விலையப் பாக்குறீங்க, அவங்க திருப்பி எடுத்துக்குற விலையக் காட்டுறாங்க. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

"எவ்வளவு வித்தியாசம்?"

"அது... நான் கேக்கலையே."

"வருசத்துக்கு வைச்சிருக்கிறதுக்கு எவ்வளவு எடுக்கிறாங்கள்?"

"அதுவும்... ஆமா, எடுப்பாங்கல்ல?"

இப்போது தண்ணீர் தேவைப்பட்டது அவருக்கு. இருவரும் ஆளுக்கொரு கிளாஸ் குடித்தோம். கணினி படித்தவருக்கும் ரயில் ஓட்டுகிறவனுக்கும் அறிவு ஒரே மட்டத்தில் நின்றதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்தான்.

கீழே இறங்கி வந்தபோது மனைவி சாப்பாட்டு மேசையில் வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் போனேன். என் முகம் எனக்கு முன்னரே போய்ச் சொல்லிவிட்டது. விற்கும் விலை, மீசைக்காரன், மேல்மாடித் தண்ணீர், எல்லாவற்றையும் கொட்டினேன். கடைசியாக, மிச்சச் சேமிப்பு முதலாம் திகதி மாறப்போவதையும் சொன்னேன்.

வெண்டிக்காய் நின்றது.

"முழுக்கவோ?"

"ஓம்."

"என்ர முழங்கால் காசும்?"

அவள் கத்தியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். கத்தவில்லை. கையைத் துடைத்தாள். "போனைப் போடுங்கோ. நான் பக்கத்திலை இருக்கிறன்."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நகரத்தின் கிரோன்லாண்ட் பகுதியில் நாங்கள் நகை வாங்கும் கடை ஒன்று உண்டு. மனைவி அங்கே போனால் ஒரு முறை வைத்திருக்கிறாள். கடைக்காரர் கொடுக்கும் குளிர்பானத்தைக் குடிப்பாள். காப்பைக் கையில் போட்டுப் பார்ப்பாள், கழற்றித் தராசில் வைக்கச் சொல்லுவாள், செய்கூலியைக் குறைப்பாள், சேதாரத்தைக் குறைப்பாள். எல்லாம் முடிந்து பில் துண்டு எழுதப்போகும் நேரத்தில்தான் கேட்பாள்: "தம்பி, இதை நான் இப்ப வாங்கிக்கொண்டு அந்தக் கதவு மட்டும் போய், மனம் மாறித் திரும்பி வந்தால் எவ்வளவு தருவியள்?" எங்கள் பெண்கள் கனபேருக்கு இது வழக்கம். வாங்க முன்னம் விற்றுப் பார்த்துவிடுவார்கள். அந்தக் கேள்வி வரும் நேரத்தை நான் நன்றாகவே அறிவேன். அதற்கு ஒரு நிமிடம் முன்னரே வெளியே போய்ப் பக்கத்துக் கடையில் மரவள்ளிக்கிழங்கைத் தடவிக்கொண்டு நிற்பேன். மானம் போகுமே. அப்படி மரவள்ளி தடவியே வளர்ந்தவன்தான் எண்பத்தெட்டுக் கிராமை விற்கும் விலை கேளாமல் வாங்கினான்.

சூரிச் தம்பி போன் எடுத்தார். கணக்கு என் பெயரில் இருந்தபடியால் என்னோடு மட்டும்தான் கதைப்பாராம். மனைவி பக்கத்தில் குசுகுசுத்தாள்.

"இப்பவே வித்தா எவ்வளவு எண்டு கேளுங்கோ."

"வாங்கிக் கொஞ்ச நாள்தானே, என்ன நினைப்பான்..."

தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. கேட்டேன். சூரிச் தம்பி, "விற்கிற எண்ணமா?" என்று கேட்டார். இல்லை, கதவு மட்டும் போய்த் திரும்பி வருகிறேன் என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை, ஆனால் விலை சொன்னார். ஒரு கிராம் துண்டுகளுக்கு நான் கொடுத்த விலைக்கும் அவர்கள் எடுக்கும் விலைக்கும் இடையில் ஒரு ரயிலே ஓடலாம். ஐம்பது கிராமுக்கு இடைவெளி குறைவு. சின்னத் துண்டு என்றால் வார்ப்புக் கூலி கூட. செய்கூலி இல்லாத தங்கம் என்று நான் ஊருக்குச் சொன்ன தங்கத்தில், செய்கூலி ஏழு தரம் இருந்தது.

"வைச்சிருக்க?" என்றாள் மனைவி.

வைத்திருப்பதற்கு மாதக் கட்டணம். அதுவும் துண்டுக்கு ஒரு குறைந்தபட்சக் கட்டணம். என்னுடைய ஒரு கிராம் துண்டு, ஐம்பது கிராம் அண்ணனுக்குப் பக்கத்தில் கால் நீட்டிப் படுத்து, அவர் கொடுக்கும் வாடகையையே தானும் கொடுத்துக்கொண்டிருந்தது. காப்புறுதி வேறு. வீட்டுக்கு எடுத்தால் அனுப்பும் கூலி, வழிக் காப்புறுதி. கணக்கை மூடினால் அதற்கும் ஒன்று. தள்ளுபடி செய்யப்பட்ட திறக்கும் கட்டணம்தான் எல்லாவற்றிலும் சின்னது.

எனக்கு இப்போது ஒரு வெறி ஏறிவிட்டது. மானம் போய்விட்டால் மனிதனுக்கு எவ்வளவு சுதந்திரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மனைவி குசுகுசுக்க முன்னமே நானாகக் கேட்டேன்: "நேரே வந்து பார்க்கலாமா?"

"பார்க்கலாம். பார்வையிடும் கட்டணம் உண்டு."

நான் போனைக் கையால் பொத்தி மனைவிக்குச் சொன்னேன். அவளால் தாங்க முடியவில்லை. வெண்டிக்காய்த் தட்டைத் தள்ளிவிட்டு மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். "பாக்கவும் காசோ? கோயிலிலைகூடச் சும்மாதானே பாக்க விடுறாங்கள்."

அந்தச் சிரிப்புக்குப் பிறகு நான் ஆள் மாறிவிட்டேன். குரலை ஒலிபெருக்கியில் கதைப்பது மாதிரித் தாழ்த்திக்கொண்டேன். சமிக்ஞைக் கோளாறில் வண்டி நிற்கும்போது, நூற்றுக்கணக்கான பேரை ஆத்திரப்படாமல் இருத்தி வைக்கும் குரல் அது. முதலில், மிச்சச் சேமிப்பு மாறாது என்றேன். தம்பி தள்ளுபடியை நினைவுபடுத்தினார். தள்ளுபடியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்த வசனத்தைச் சொல்லும்போது உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி. ஒன்றும் மாறவில்லையே, மாற்றம் முதலாம் திகதிக்குத்தானே என்று கேட்டேன். ஓம், இன்னும் ஒன்றும் மாறவில்லை, நிறுத்தலாம் என்றார். நிறுத்தினார். நிறுத்தியதை எழுத்தில் அனுப்பச் சொன்னேன். அது வந்து போன் சிணுங்கிய பிறகுதான் அடுத்த கதைக்குப் போனேன்.

"இந்த ஏழு துண்டையும் நீங்கள் எடுத்துக்கொண்டு, ஒரே கட்டியாகத் தந்தால்?"

தரலாம், மாற்றும் கூலி உண்டு என்றார். நான் பேசாமல் இருந்தேன். கடைக்காரரிடம் மனைவி பேசாமல் இருப்பது மாதிரி. பிறகு தம்பி, மேலாளரிடம் கேட்டு வருகிறேன் என்று போனார். திரும்பி வந்து, மிச்சப் பன்னிரண்டு கிராமுக்கு நான் காசு கட்டி நூறு கிராம் கட்டியாக எடுத்தால் மாற்றும் கூலியை விட்டுவிடலாம் என்றார். ஒரு கட்டி, ஒரு வாடகை. கேட்டதுமே ஓம் என்று சொல்லவிருந்தேன். மனைவி கையைப் பிடித்தாள்.

"நூறு எண்டா எத்தினை பவுண்?"

கணக்குப் பார்த்தேன். "பன்னிரண்டரை."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்கள் பரம்பரையில் யாரும் அரைப் பவுணைப் பற்றித் தீர்ப்புச் சொல்லி வைக்கவில்லை. போனில் சூரிச் தம்பி, இருக்கிறீர்களா என்று கேட்டார். இருக்கிறோம், ஒரு குடும்ப விஷயம் என்றேன்.

"இரட்டை இல்லைத்தானே?" என்றேன் மனைவியிடம்.

"இரட்டை இல்லை."

"பிறகென்ன?"

"ஓம் எண்டு சொல்லுங்கோ."

போனை வைத்த பிறகு நான் எழும்பி குசினிக்குள் ஒரு சுற்று நடந்தேன். மனைவி வெண்டிக்காயைத் திரும்ப இழுத்தாள். "எண்டாலும் என்ர காப்புகள் மாதிரி வருமே? அதுகளுக்கு வாடகையே இல்லை."

நான் விட்டேனா. வங்கிகள் பெட்டகச் சேவையை நிறுத்தியதும் அவளுடைய நகையைத் தனியார் பெட்டகம் ஒன்றில் வைத்திருக்கிறோம். வருடா வருடம் அதற்குக் காசு. வீட்டுக் காப்புறுதியில் நகைக்கென்று மேலதிகம். போய் எடுக்க ஒரு பயணம், வைக்க ஒரு பயணம். வாங்கும்போது கொடுத்த கூலியும் சேதாரமும் உருக்கினால் புகையாகப் போகும். ஒவ்வொன்றாகச் சொல்லி, "உம்மட காப்பும் சூரிச்சிலைதான் இருக்கு, உமக்குத் தெரியேல்லை" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நான் என்ரையைப் போடுறன். ஊரிலை எல்லாரும் பாக்கினம். காசு கேக்கிறேல்லை. உங்கடையை ஆர் போடுறது?"

நான் ஒரு வெண்டிக்காயை எடுத்து வெட்டத் தொடங்கினேன். இருந்தாலும் அன்றைய வெற்றி என்னுடையதுதான் என்று பதிவுசெய்கிறேன்.

கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் பழகிய வாய் சும்மா இருக்குமா? கட்டணம் கேட்கும் வாய் ஒருமுறை திறந்தால் மூடாது. மேல்மாடித் தம்பிக்காக ஒரு போன் எடுத்துக் கேட்டுக்கொடுத்தேன். அவர் என்னை 'சார்' என்று கூப்பிடத் தொடங்கினார், நான் மறுக்கவில்லை. தொலைபேசிக் கம்பனியிடம் கேட்டேன். உடற்பயிற்சி நிலையத்தில் கேட்டு, நான் போகாத நாட்களுக்குத்தான் கூடுதலாகக் கட்டுகிறேன் என்று கண்டுபிடித்தேன். பிறகுதான் உறைத்தது: இவ்வளவு காலமும் மிச்சச் சேமிப்பு படுத்திருக்கும் இடத்தில் வாடகை என்ன?

வங்கிப் பெண்ணிடம் போனோம். அதே கதிரை, அதே கனிவு. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை கிள்ளுத் தேவைப்படவில்லை.

"எங்களுடைய சேமிப்பு இருக்கும் ஃபொண்ட், நாங்கள் நித்திரை கொள்ளும்போது வருடத்துக்கு எவ்வளவு எடுக்கிறது?"

அவள் திரையைப் பார்த்தாள். நூற்றுக்கு ஒன்றரை என்றாள். சிறிய எண்ணாகத்தான் கேட்டது. மனைவி மெல்லத் தமிழில், "மொத்தக் காசிலையோ, கிடைக்கிற இலாபத்திலையோ?" என்றாள். கேட்டேன். மொத்தத்தில்; இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் ஒவ்வொரு வருடமும் என்றாள்.

நான் கதிரையில் சரிந்தேன். சூரிச்சில் மீசையோடு இருந்த மனிதர் எழும்பி வந்து இந்த வங்கியில் இருந்துகொண்டார். எவ்வளவு காலமாக அராவினாரோ. பதினொரு பவுணுக்காக நான் நாள் முழுக்கப் பதறினேன். அதைப்போல் எத்தனையோ மடங்கு காசு இங்கே சத்தமில்லாமல் வாடகை கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறது, நான் குறட்டை விட்டிருக்கிறேன்.

"இதைவிடக் குறைந்தது இருக்கா?"

"இருக்கு" என்றாள் அவள், எந்த வெட்கமும் இல்லாமல். "சந்தையை அப்படியே பின்தொடரும் சாதாரண ஃபொண்ட். அது இதில் ஒரு சின்னப் பங்குதான் எடுக்கும். மாற்றுவதற்குக் கட்டணம் இல்லை."

"ஏன் முதலே சொல்லவில்லை?"

"நீங்கள் கேட்கவில்லை." கொஞ்சம் யோசித்து, "யாரும் கேட்பதில்லை" என்றாள்.

அவளிலும் பிழையில்லை. மரவள்ளிக்கிழங்கைத் தடவிக்கொண்டு நின்றது நான்தானே.

அங்கேயே மாற்றினோம். பெரும்பகுதி அந்தச் சாதாரண ஃபொண்டில். தங்கம் சூரிச்சில் ஒரே கட்டியாக, ஒரே வாடகையோடு, ஊறுகாய் அளவுக்கு. வங்கிப் பெண் புதிய கட்டணத்தைப் போட்டு, ஆரம்பத்தில் எங்களுக்குக் காட்டிய அதே கணக்கைத் திரும்பப் பார்த்தாள். மனைவி முழங்காலைத் தடவியபடி இருந்தாள். நான் திரையைப் பார்க்காமல் அவளுடைய கையையே பார்த்தேன்.

"அறுபத்திரண்டில் நிற்கலாம்" என்றாள் அந்தப் பெண். "எதிர்பாராதது ஒன்றும் நடக்காவிட்டால்."

மனைவி அவளைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னாள். மனைவியின் கை முழங்காலில் அப்படியே நின்றது. வெளியே வந்து ரி-பானேக்குப் படி இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, அவசரப்படாமல் இறங்கினாள். ரொம்மன் வரக் கிட்ட, "ஒருக்கா ஸ்டோவ்னர் மட்டும் போவம். முட்டை வாங்க வேணும்" என்றாள்.

"என்னத்துக்கு?"

"கேக் அடிக்க."

திங்கட்கிழமை கேக்கோடு வேலைக்குப் போனாள். இங்கே வேலை இடத்தில் நல்லது நடந்தால் நடந்தவர்தான் கேக் கொண்டுபோக வேண்டும். இடைவேளையில் எல்லாரும் கூடி, என்ன விசேஷம் என்று கேட்டார்களாம், பின்னேரம் வந்து மனைவி சொன்னாள்.

"நான் வேலையை விடப்போறன் எண்டு சொன்னனான்."

"என்ன சொன்னவை?"

"பாவம், அழத் தொடங்கிச்சினம். தலைமைத் தாதி கட்டிப்பிடிச்சு, எப்ப கடைசி நாள் எண்டு கேட்டா. இன்னும் ஆறு வருசம் இருக்கு எண்டன்."

"பிறகு?"

"அழுதவை கண்ணைத் துடைச்சவை." வெறும் கேக் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, பட்டாணிப் பையோடு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள். "பிறகு எல்லாரும் இரண்டாம் துண்டு எடுத்தவை."